துறைமுகத்துத் தந்தையரும் மைந்தரும்

வயது வந்த பிள்ளை ஒருவன் பெற்றோருடன் ஒரே கூரையின் கீழ் வசித்தும், ஒரே அடுப்பிற் சமைத்ததை உண்டும், அவர்களோடு மனம் விட்டுப் பேசுவதற்கு ஒரு விஷயமும் அற்றவனாய் மாதக்கணக்காகவும் வருடக்கணக்காகவும் நாட்களைத் தள்ளுவதைக் காணும்போது, அதனை அவன் சுபாவத்தின் குறையென்றோ தகப்பனாருடைய கண்டிப்பின் பயனென்றோ சொல்லி அமைந்துவிடுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. ஆனால் சில ஊர்களில் இந்த நிலைக்கு ஒரு சரித்திரம் உண்டு. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி ஜீவனம் நடத்திய குடும்பங்களைப் பொறுத்தவரை, அந்தச் சரித்திரத்தை ஆண்டும் மாதமும் திகதியும் குறித்தே சொல்லலாம். 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆந் திகதி பிரித்தானியக் கடற்படை தன் தளத்தை இலங்கை அரசாங்கத்திடம் ஒப்படைத்தது. அதற்குப் பிற்பட்ட வருடங்களில் துறைமுகத்தைச் சுற்றியிருந்த குடியிருப்புகளிலே, வேலை இழந்த தந்தையும் வேலை கிடையாத மைந்தனும் பகல் முழுவதும் ஒருவர் கண்ணில் ஒருவர் பட்டுக்கொண்டும், ஒருவரையொருவர் அறியாதவராயும் இருந்த வீடுகள் எத்தனையோ. அவர்களுக்கிடையே இருந்த தூரம் அந்த ஒரு நாளில் விளைந்ததன்று. ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஒரு மதிலை ஒட்டியே வளர்ந்து வந்தது.

அத்தூரத்தின் அளவை அறிவதற்கு, அதற்கு முந்திய ஏற்பாட்டை முதலில் நோக்க வேண்டும். கவிராசவரோதயன் இயற்றியதாகக் கூறப்படும் கோணேசர் கல்வெட்டு என்னும் நூல், குளக்கோட்டு மன்னன் திருகோணமலைக் கோணேசர் ஆலயத்துக்குத் திருப்பணி செய்து, அதன் பூசைகளும் விழாக்களும் குறைவின்றி நடைபெறும்பொருட்டுக் குடிகளை அழைத்துவந்து இருத்தி, இன்னார்க்கு இன்ன தொழும்பு என்று வகுத்துவைத்ததை விரித்துரைக்கிறது. அதிற் காணும் செய்திகளில் எது சரித்திரம், எது ஐதிகம் என்று பிரித்தறிவது ஆராய்ச்சியாளரின் கடமை. நமக்கு வேண்டுவது அதனுள் அமைந்த சமுதாய நோக்கு ஒன்றே. தந்தை செய்த தொழும்பை மைந்தன் சிறு பிராயத்திலேயே அருகிருந்து கண்டான்; காண்பதனாலேயே கற்றான்; தந்தைக்குப் பின் அந்த இடத்தில் நின்றபோது ஊர் அவனை இன்னாரென அறிந்தது. ஆலயத்துக்கு வெளியிலும் இதுவே முறை. தம்பலகாமத்து வயலில் வரப்பு மாறும்போது தகப்பன் ஏன் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பினான் என்பது பத்து வயதுப் பையனுக்குத் தெரியும். திருக்கடலூர்க் கரையிலே கரைவலை இழுக்கும்போது கயிற்றின் கடைசி முழத்தைப் பற்றி நிற்கும் சிறுவனுக்கு, முன்னே நிற்கும் தந்தையின் தோள் எந்தக் கணத்தில் இறுகும், எந்தக் கணத்தில் தளரும் என்பது சொல்லாமலே விளங்கும். இந்தப் பரம்பரைத் தொழில்முறையின் கட்டுப்பாடுகளையும், அதனோடு பின்னிக்கிடந்த சாதி ஏற்றத்தாழ்வுகளையும் நான் போற்றமாட்டேன். அவை எத்தனையோ மனிதரின் வாழ்வைக் குறுக்கியவை. அந்த வீடுகளிலும் தகப்பனும் மகனும் பிணங்கினார்கள், சில வேளை அடிதடியும் நடந்தது. ஆயினும் அவர்கள் பிணங்குவதற்கு இருவருக்கும் பொதுவான ஒரு விஷயம் இருந்தது.

துறைமுகத்தின் கதை வேறு. 1782ஆம் ஆண்டு ஒன்றிலே மட்டும் இந்தத் துறை ஜனவரியில் ஆங்கிலேயர் கையிலும் ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரென் கையிலுமாக இருமுறை மாறியதென்றால், வல்லரசுகள் அதன்மீது வைத்திருந்த ஆசை எத்தகையதென்று ஊகிக்கலாம். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் அதனை மறுபடி கைப்பற்றி, ஏறத்தாழ 160 வருட காலம் தம்மிடமே வைத்திருந்தார்கள். எந்தப் பருவக்காற்றுக்கும் அசையாத ஆழ்ந்த உள்துறை, அதன் வாயிலைக் காத்து நிற்கும் ஒஸ்டன்பேர்க் மேடு, கோணேசர் மலையின் கழுத்தில் அமைந்த பிரெடரிக் கோட்டை என இயற்கையும் மனித முயற்சியும் சேர்ந்து அளித்த பாதுகாப்பில் ஊரார் ‘டொக்யார்ட்’ என்றே வழங்கிய கடற்படைத் தொழிற்றளம் வளர்ந்தது. ஆனால் அது எப்பொழுதும் லண்டனிலிருந்தே மூச்சு வாங்கியது. 1905ஐ ஒட்டிய வருடங்களில் பிரித்தானியக் கடற்படைத் தலைவர் அட்மிரல் ஃபிஷர் செலவுச் சுருக்கம் செய்தபோது தளம் மூடப்பட்டு ஊர் சோர்ந்தது; முதல் உலக யுத்தத்தின் பின் கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியபோது, சீனன்குடாக் காட்டிலே ஏறத்தாழ 100 பெரிய எண்ணெய்த் தாங்கிகள் எழும்பலாயின; 1920களின் பிற்பகுதியில் புகையிரதப் பாதையும் வந்து சேர்ந்தது. அதன் பின் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும், தமிழ்நாட்டிலிருந்தும் மலையாளத்திலிருந்தும், தென்னிலங்கைச் சிங்கள ஊர்களிலிருந்தும் தொழில் தேடி வந்தவர்கள் இந்தக் கடற்கரையில் வீடு கட்டிக் குடியமர்ந்தார்கள்.

இவ்வாறு அமைந்த தொழிலின் பிரதான லட்சணம் அதன் மறைவு. டொக்யார்ட் ஒரு பாதுகாக்கப்பட்ட பிரதேசம். காலையில் வாசலிலே நுழைந்த மனிதன் மாலையில் வெளியே வரும்வரை அவனுடைய மனைவிக்கும் மக்களுக்கும் அவன் இல்லாதவன் போலவே இருந்தான். பிட்டரும் டர்னரும், கொதிகலன் செப்பனிடுபவரும், பண்டகசாலைக் கிளாக்கரும், கூலியாளும் என எத்தனையோ படித்தரத்தார் உள்ளே வேலை செய்தார்கள். அவர்களுடைய சாமர்த்தியத்தை மெச்சிய ஃபோர்மன் துரையும் வைத துரையும் உள்ளே இருந்தார்கள். பிள்ளைகள் வெளியே இருந்தார்கள். வயலிலும் கடலிலும் மகன் தகப்பனை அவனுடைய பூரண சக்தியில் பார்த்தான். இங்கேயோ களைத்து வந்து கால் கழுவி, சாய்மனைக் கதிரையில் சரிந்து, பேச மனமின்றிக் கண்ணை மூடிக்கொள்ளும் ஒருவரையே பார்த்தான். எஞ்சினொன்று பழுதாகிக் கிடந்ததை எவரும் அறியாத காரணம் கண்டு திருத்திய வித்தகர் அவர் என்பது அவனுக்கு எவ்வாறு தெரியும்?

நகரத்து வீடொன்றில் நான் ஒரு மரப்பெட்டியைப் பார்த்திருக்கிறேன். அரங்கள் பருமன் முறைப்படி அடுக்கப்பட்டு, பித்தளை அளவுகோலும் கலிப்பரும் எண்ணெய்த் துணியிற் சுற்றப்பட்டு, ஒவ்வொன்றும் தன் தன் பள்ளத்தில் கிடந்தது. மூடியின் உட்புறத்தில் பென்சிலால் எழுதிய அங்குலக் கணக்குகள் பாதி அழிந்திருந்தன. அதனை வைத்து உழைத்தவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்ட அவருடைய மகனார் பெட்டியைத் தூசி தட்டிப் பத்திரமாகவே வைத்திருந்தார். ஆனால் எந்த ஆயுதத்தால் எதைச் செய்வது என்று அவரால் எனக்குச் சொல்ல முடியவில்லை. அந்தப் பெட்டியைச் சிறுவயதில் தொடக்கூட விட்டதில்லையாம். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்பாவின் ஆயுதம் அப்பாவுடையது என்ற மரியாதையோடு சொன்னார். எனக்கோ அந்த மரியாதையிலேதான் இந்தச் சரித்திரத்தின் முழுத் துயரமும் தங்கியிருப்பதாகத் தோன்றியது.

இரண்டாம் உலக யுத்தம் இந்த மறைவை மேலும் இறுக்கியது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்த பின் கீழைத்தேயக் கப்பற்படையின் பாரம் இலங்கைத் துறைகளின் மேல் விழுந்தது. அவ்வருடம் ஏப்ரல் 9ஆந் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின; அன்றைக்கே ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. ஊர் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டுக் கிராமங்களுக்கு ஓடினார்கள். யுத்தத்தின் போக்கு மாறி 1944இல் பெருங்கப்பல்கள் திரும்பி வந்தபோது டொக்யார்ட் இரவு பகலாக இயங்கியது. அவ்வருடம் ஓகஸ்ட் 8ஆந் திகதி, வேலியன்ற் என்னும் போர்க்கப்பலை ஏந்தியிருந்த மிதக்கும் திருத்துமேடை உடைந்து மூழ்கிய செய்தி இன்று கடற்படைச் சரித்திர நூல்களில் விரிவாகக் கிடைக்கிறது. அந்தப் பேரிரைச்சலை அருகிருந்து கேட்ட தொழிலாளி, தணிக்கையும் கட்டளையும் நிறைந்த அந்தக் காலத்தில், வீட்டுக்கு வந்து தன் பிள்ளைகளுக்கு எவ்வளவைச் சொல்லியிருப்பார்? சொல்லாதிருத்தல் அவருக்கு ஒழுக்கமாயிற்று, ஒழுக்கம் பழக்கமாயிற்று, பழக்கம் யுத்தம் முடிந்த பின்னும் நீங்கவில்லை.

அந்த வருடங்களில் தொட்டிலிற் கிடந்த குழந்தைகள்தாம் நம் கதையின் மைந்தர்கள். அவர்களுக்கும் தந்தைக்கும் இடையே கல்வி இரண்டாவது மதிலை எழுப்பியது. டொக்யார்டில் ஒரு படி ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஆங்கிலமே அளவுகோலாக இருந்தது. ஆகையால் தந்தையர் தம் பிள்ளைகளை 1867இல் தொடங்கிய புனித சூசையப்பர் கல்லூரிக்கோ, 1897இல் தொடங்கிப் பின்னர் இராமகிருஷ்ண மிஷனின் பராமரிப்புக்கு வந்த இந்துக் கல்லூரிக்கோ அனுப்பியபோது, ஆங்கிலத்தை நாடியே அனுப்பினார்கள். ஆனால் இடையில் காலம் திரும்பியது. ஆரம்ப வகுப்புகளில் முன்னரே இடம்பெற்ற சுயமொழிப் போதனை, 1953 முதல் ஆறாம் வகுப்பிலிருந்து மேல்நோக்கிப் படிப்படியாக ஏறியது. அவ்வருடம் ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளை, சிரேஷ்ட பாடசாலைத் தராதரப் பத்திரப் பரீட்சையைத் தமிழிலே எழுதும் தறுவாயில் 1957 வந்துவிட்டது. சுயமொழிக் கல்வி நீதியானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தன் மொழியில் சிந்திக்கக் கற்ற அந்தத் தலைமுறைதான் ஈழத்துத் தமிழ் இலக்கியத்துக்கும் பத்திரிகைக்கும் புதிய உயிர் தந்தது. ஆனால் பிட்டர் வேலையை ஆங்கிலப் பெயர்களாலேயே அறிந்திருந்த தகப்பனும், அரசியலையும் சரித்திரத்தையும் தமிழ்ப் பெயர்களாலேயே அறிந்திருந்த மகனும், தத்தம் மனத்தின் சிறந்த பாகத்தை மற்றவருக்குத் திறந்துகாட்ட வழியின்றி நின்றார்கள். மகன் சுதந்திரன் பத்திரிகையைப் படித்தான். திராவிட இயக்கத்து ஏடுகளையும் அடுக்குமொழி வசனங்களையும் நண்பர்களோடு பகிர்ந்தான். தந்தைக்கு அவை பையனின் காலப்போக்கு என்றே பட்டன.

1956 இந்த வித்தியாசத்தை வெளிச்சமாக்கியது. ஜூன் மாதத்தில் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. ஓகஸ்டில் தமிழரசுக் கட்சி தன் மாநாட்டைத் திருகோணமலையிலேயே கூட்டியபோது, பல திசைகளிலிருந்தும் தொண்டர்கள் திருமலை யாத்திரையாகக் கால்நடையாய் வந்து சேர்ந்தார்கள். சமஷ்டியையும் தமிழ் மொழிக்குச் சம அந்தஸ்தையும், மலையகத் தமிழருக்குப் பிரஜாவுரிமையையும் கோரி, தமிழ்ப் பிரதேசங்களில் அரசாங்கம் நடத்தும் குடியேற்றத்தை நிறுத்துமாறும் அந்த மாநாடு வற்புறுத்தியது. பதினைந்து பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்குத் தன் ஊர் தேசத்தின் நடுவே வந்து நின்றதைப் போன்ற பெருமிதம் அதில் இருந்திருக்க வேண்டும். வெள்ளைக்காரன் தந்த சம்பளத்தில் குடும்பம் நடத்திய தகப்பனுக்கோ, இதனால் வேலைக்கு ஆபத்து நேருமோ என்ற பயமே முதலில் தோன்றியிருக்கும். அந்தப் பயத்தைக் கோழைத்தனமென்று மகன் நினைத்திருந்தால் அவனைக் குறைகூற மாட்டேன். ஆனால் அந்தப் பயத்திலேதான் அவனுடைய புத்தகச் செலவு அடங்கியிருந்தது.

மறு வருடம் தளம் கைமாறியது. இலங்கையின் சுதந்திரத்துக்கு அது அவசியமான படி என்பதை எவரும் மறுக்க முடியாது. பிரதமர் பண்டாரநாயக்கா செய்துகொண்ட அந்த உடன்பாட்டை நாடு முழுவதும் பெருமையோடு வரவேற்றது. அந்தப் பெருமையின் விலையில் ஒரு பங்கைத் திருகோணமலை வீடுகள் செலுத்தின. வேலை இழந்தவர்களில் ஏறத்தாழ 400 தமிழ்த் தொழிலாளரைக் குடும்பங்களோடு பொலன்னறுவைப் பகுதியில் குடியேற்ற அரசாங்கம் யோசித்தபோது, அங்கே கிளம்பிய சிங்கள எதிர்ப்பு, 1958 மே மாதக் கலவரத்துக்கு மூட்டமாய் அமைந்த காரணங்களுள் ஒன்றாயிற்று. மே மாதம் 22ஆந் திகதி இரவு பொலன்னறுவைப் புகையிரத நிலையத்தில் தொடங்கிய வன்முறை நாட்டையே சூழ்ந்தது. டொக்யார்ட் தொழிலாளிக்கு இதனால் இரு கதவுகளும் அடைபட்டன: பழைய வேலைக்குத் திரும்ப முடியாது, புதிய நிலத்துக்குப் போகவும் முடியாது. வீட்டில் இருப்பதைத் தவிர வேறென்ன வழி?

ஆக, முதன்முறையாகத் தந்தை பகலிலும் வீட்டில் இருந்தார். இத்தனை வருடமும் அவர் இல்லாமலே ஒழுங்குபெற்றுவிட்ட வீடு அது. காலை பத்து மணிக்கு அடுக்களையில் என்ன நடக்கும், கிணற்றடியில் யார் முதலில் குளிப்பார், மத்தியானம் யாருக்குப் படிக்க எந்த மூலை என்பதெல்லாம் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் தெரியும்; அவருக்குத் தெரியாது. பரீட்சையில் சித்தியடைந்த பத்திரத்தோடு மகனும் அதே வீட்டில் இருந்தான். உத்தியோகத்துக்கு எழுதிய விண்ணப்பங்களுக்குப் பதில் வரவில்லை. 1961 ஜனவரி முதல் நிர்வாகம் முழுவதும் சிங்களத்தில் என்ற நிலை நெருங்க நெருங்க, வரும் என்ற நம்பிக்கையும் மெலிந்தது. தந்தைக்கு மகனைப் பார்க்கும்போதெல்லாம் தன் சம்பளத்தில் ஒரு பகுதி வீணானதைப் போலத் தோன்றும். மகனுக்குத் தந்தையைப் பார்க்கும்போதெல்லாம் தன் எதிர்காலம் முதுமையடைந்து எதிரே உட்கார்ந்திருப்பதைப் போலத் தோன்றும். இருவரும் ஒரே காரணத்தால், ஒரே அரசியலால், ஒரே துறைமுகத்தால் வேலையற்றவர்கள். அவர்கள் அதைப் பற்றிப் பேசியிருந்தால் நண்பர்களாகியிருக்கலாம். பேசுவதற்கு வேண்டிய பழக்கம் அந்த வீட்டில் எவருக்கும் இருக்கவில்லை. ஆகவே இருவருக்கும் நடுவே தாய் நின்றாள். ‘அப்பா கேட்கிறார்’, ‘தம்பி சொல்லுறான்’ என்று செய்திகள் அவள் வாய்வழியாகவே சென்று திரும்பின. அவளுடைய களைப்பைப் பற்றி எழுதியவர் எவருமில்லை.

வீட்டைப் பற்றிய கீழ்க்கரை வழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லாமல் விடக்கூடாது. தமிழரிடையேயும், மூதூர், கிண்ணியா முஸ்லிம்களிடையேயும் வீடு பெண்ணுக்குச் சீதனமாய்ப் போவதே முறை. ஆண்பிள்ளை திருமணத்தின்பின் மனைவியின் வீட்டுக்குப் போவான். அந்த வழக்கம் பெண்ணுக்குத் தந்த பாதுகாப்பு மிகப் பெரிது. அதனைக் கைவிட்ட சமூகங்களின் பெண்கள் படும் அல்லலைப் பார்த்தால் அதன் அருமை விளங்கும். ஆனால் அதன் நிழல் வேலையற்ற இளைஞன்மேல் விழுந்தது. அக்கா தங்கையருக்கு மணம் முடித்த பின்னரே தனக்கு மணம் என்று அவன் காத்திருக்க வேண்டும். அவர்களுக்குச் சீதனம் சேர்க்கும் கடமையிலும் அவனுக்குப் பங்குண்டு. பணமோ கையில் இல்லை. தான் பிறந்து வளர்ந்த வீட்டில், நாளை வரப்போகும் மைத்துனருக்காக ஒதுக்கிய அறையின் வாசலில் பாய் விரித்துப் படுப்பவனுக்கு, இது என் வீடு என்ற உணர்ச்சி எங்கிருந்து வரும்? வீட்டுக்கு உரியவளான தங்கைக்கும் நிலைமை இனிதாக இருக்கவில்லை. 1923இல் தோன்றிய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் வித்தியாலயத்திலே படித்துவிட்டு வந்தவள், தன் பெயரில் எழுதப்படப்போகும் வீட்டுக்குள்ளே, தன்னை எவரும் ஒன்றும் கேளாத நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

இந்த மௌனம் உடைந்த சந்தர்ப்பங்களும் உண்டு. தமிழரசுக் கட்சி 1961 பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை நடத்திய சத்தியாக்கிரகத்தில், திருகோணமலைக் கச்சேரி வாயிலிலும் மக்கள் அமர்ந்தார்கள். இளைஞரோடு வயதானவர்களும் தாய்மாரும் அமர்ந்தார்கள். வேலையை இழந்துவிட்ட தந்தைக்கு இனி இழப்பதற்குப் பயப்பட ஒன்றுமில்லை என்பதும் அவரை மகனுக்கு அருகே கொண்டுவந்திருக்கக் கூடும். மற்றொன்று, எனக்கு இதைவிடவும் முக்கியமாகப் படுவது, கோணேசர் ஆலயத்தின் புனருத்தாரணம். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களாற் கோட்டை கட்டிய அந்தத் தலத்தின் திருவுருவங்கள் சில, 1950இல் கிணறு வெட்டும்போது நகரத்து மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. அதன் பின் எழுந்த ஊக்கம் வளர்ந்து, 1963 மார்ச் 3ஆந் திகதி கும்பாபிஷேகத்தில் நிறைவுற்றது. டொக்யார்ட் வெறிச்சோடிய அதே வருடங்களிலேதான் மலைமேற் கோயில் எழுந்தது. இரும்பையும் பாரந்தூக்கியையும் அறிந்த கைகளுக்கும், தேவாரத்தையும் தல வரலாற்றையும் பள்ளியிற் கற்ற பிள்ளைகளுக்கும் ஒருசேர வேலை தரக்கூடிய ஒரு காரியம், மதிலுக்கு உள்ளே மறைந்திராமல், ஊர் பார்க்க வெளியே நடந்தது அதுவே. அங்கே சேர்ந்து கல் சுமந்த தகப்பனும் மகனும் எத்தனை பேரோ. அவர்கள் இறங்கி வரும்போது பேசிக்கொண்டே வந்திருப்பார்கள் என்று நம்ப எனக்கு ஆசை.

பின்னர் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. சிலர் கொழும்பில் கணக்கர்களானார்கள். சிலர் புல்மோட்டைக் கனிய மணல் ஆலையிலும் சீனன்குடாத் தொழிற்சாலைகளிலும் இடம் பெற்றார்கள். 1983 இனக்கலவரத்துக்குப் பின் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதே பெற்றோர் செய்யக்கூடிய கடைசி உபகாரமாயிற்று. டொக்யார்ட் இன்றும் இலங்கைக் கடற்படையிடமே இருக்கிறது; அதன் வாசலும் மதிலும் அப்படியே. உத்தியோகத்துக்குக் காத்திருக்கும் பிள்ளை வீட்டில் இருப்பதும் அப்படியே: 2017இல் கிழக்கு மாகாணத்து வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரக் கூடாரங்களில் அமர்ந்து போராடியபோது, பட்டம் பெற்றுப் பல வருடம் பெற்றோர் கையை எதிர்பார்த்து வாழ்ந்தவர்கள் அவர்களிற் பலர். வீட்டில் சொல்ல முடியாததை வீதியில் எழுதிப் பிடித்திருந்தார்கள்.

இந்த ஊரின் பழைய சரித்திரத்தை எழுதியவர்கள் தளபதிகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் சகோதரரும் 1852இல் மறைந்த கடற்படை அதிகாரியுமான சார்ல்ஸ் ஆஸ்டினின் கல்லறையைப் பார்க்க இன்றும் அயல்நாட்டார் வருகிறார்கள். தளத்தை நடத்திய தொழிலாளரின் வாழ்க்கை அவ்விதம் எழுதப்படவில்லை. 1957இல் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் இருந்த பிள்ளைகள் இப்போது எண்பதைக் கடந்துவிட்டார்கள்; அவர்களுடைய ஞாபகம் நமக்கு இன்னும் அதிக காலம் கிடைக்காது. திருமலையிலே ஆசிரியர்களும் மாணவர்களும் நிறைந்த கல்லூரிகள் இருக்கின்றன, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. அந்த ஆசிரியர்களும் மாணவர்களும் வீடு வீடாகச் சென்று கேட்டு எழுத வேண்டும். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் அப்பா உள்ளே என்ன வேலை செய்தார் என்பது. பலருக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று அவர்கள் சொல்வதையும், அதன் பின் அவர்கள் தாமாகச் சொல்லத் தொடங்குவதையும், ஒரு வரி விடாமல் எழுதிக்கொள்ள வேண்டும்.